பனி மெஷினுக்கு அளந்த இடம்

கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். இன்னும் கிட்டே. அடுப்படியில் லெம்பி இருக்கிறாள். நாலு வீடு தள்ளி ஊசி விழுந்தாலும் அது தையல் ஊசியா, கோணி ஊசியா என்று சொல்லிவிடுகிற காது அவளுக்கு.

லெம்பி என் மனைவி. என் பேர் ரெய்னோ. நாற்பத்தோரு வருஷமாக நான் குடும்பம் நடத்துகிறேன். நடத்துகிறேன் என்பது ஒரு பேச்சுக்குச் சொல்வது. வண்டியை ஓட்டுவது அவள். அவ்வப்போது ஹாரன் அடிப்பது மட்டும் நான்.

எங்கள் ஊர், சுப்பீரியர் ஏரிக்குள் நாக்கை நீட்டிக்கொண்டு கிடக்கிற நிலம். நாக்கை நீட்டினால் ஏரி சும்மா இருக்குமா? நவம்பரில் பனியாகத் துப்ப ஆரம்பித்தால் ஏப்ரல் வரைக்கும் வாயை மூடாது. அதனால் வீட்டுக்கு வீடு பனி மெஷின் உண்டு. முன்வாயால் பனியை விழுங்கி, கொக்குக் கழுத்து மாதிரி ஒரு குழாய் வழியாக அந்தப் பக்கம் வாரி வீசும்.

என் மெஷினுக்கு வயது இருபத்திரண்டு. ஒரு காலத்தில் ஆரஞ்சு நிறம். இப்போது என் பல்லின் நிறம். இருமித்தான் எழுந்திருக்கும், முனகித்தான் நடக்கும். கைக்குழந்தை பால் கக்குகிற தூரத்துக்குப் பனியை வீசும். ஆனாலும் அதன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லாமல்தான் இருந்தது. எதிர்வீட்டு ஆர்வோ புது மெஷின் வாங்குகிற வரைக்கும்.

ஆர்வோவும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவன் வாங்கின மெஷினுக்கு முன்னால் விளக்கு உண்டு. பிடித்துத் தள்ளுகிற கைப்பிடி தானாகச் சூடாகும். அது வீசுகிற பனி மூன்றாம் வீட்டு நாய்க்கூண்டின் கூரையில் போய் விழும். அந்த நாய் அவனைப் பார்த்தால் இப்போதெல்லாம் குரைப்பதே இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நீங்கள் தூங்கி எழுவதற்குள் வேறொருவன் வந்து உங்கள் வாசல் பாதையில் பனியைத் தள்ளிவிட்டுப் போனால், அது உதவி. ‘உனக்கு வயசாகிவிட்டது’ என்று வாசலில் ஒட்டின நோட்டீசும் அதுதான். வாயால் யாரும் நன்றி சொல்ல மாட்டோம். அன்றைக்கே ஏலக்காய் போட்ட ரொட்டி சுட்டு, அந்த வீட்டு ஆம்பிளை அதைக் கையில் ஏந்திக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். யார் யாருக்கு ரொட்டி சுமக்கிறான் என்று தெருவே திரையை விலக்கிப் பார்க்கும்.

இருபது வருஷமாக எல்லாரும் எனக்குத்தான் சுமந்தார்கள். இந்த ஜனவரியில் ஒரே வாரத்தில் மூன்று தடவை நான் ஆர்வோவுக்குச் சுமந்தேன். மூன்றாம் தடவை அவன் கதவைத் திறந்து, ரொட்டியை மோந்து பார்த்துவிட்டு, “உனக்கு எதுக்குடா சிரமம், நல்லாத் தூங்கு, நான் பாத்துக்கறேன்” என்றான்.

அந்த வாசலிலேயே சபதம் போட்டேன். பழசைத் தொலைக்கிறேன். ஆர்வோவுடையதைவிட ஒரு சாண் அகலமான மெஷின் வாங்குகிறேன். ஒரு விளக்கு என்ன, இரண்டு விளக்கு.

சபதம் போடுவது சுலபம். அதை லெம்பியிடம் சொல்வதுதான் கஷ்டம். காபி குடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

“பெல்ட் தேஞ்சிருக்கு. மாத்தினா இன்னும் பத்து வருஷம் ஓடும்” என்றாள். அவள் அப்பா செம்புச் சுரங்கத்தில் மெஷின் ரிப்பேர் பார்த்தவர். பாலுக்குப் பதில் கிரீஸ் குடித்து வளர்ந்தவள் அவள்.

“நானே இன்னும் பத்து வருஷம் ஓடுவேனான்னு தெரியல.”

“அதான் சொல்றேன். உனக்கு ஒரு பெல்ட் மாத்த முடியாது. அதுக்காவது மாத்துவோம்.”

அவளுக்கும் அந்த மெஷினுக்கும் ஒரு பழைய பகை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஷெட்டில் இரண்டு வண்டி நிற்கலாம். ஒரு பக்கம் என் ட்ரக். இன்னொரு பக்கம் மெஷினும் அதன் பரிவாரமும்: பெட்ரோல் கேன், உடைந்த துடுப்பு, ஒரு கதவு. எந்த வீட்டுக் கதவு என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. லெம்பியின் சின்னக் கார் ஒன்பது குளிர்காலமாக வெளியில் நிற்கிறது. தபால் ஆபீசில் ஏழரைக்கு அவள் கவுண்டரைத் திறக்க வேண்டும். தினம் காலையில் பிளாஸ்டிக் சுரண்டியை எடுத்துக்கொண்டு போய், கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைக் கரகரவென்று சுரண்டுவாள். சுரண்டி முடித்ததும் ஜெபம் மாதிரி ஒன்று சொல்லிவிட்டுப் போவாள்: “மெஷினுக்குக் கூரை. எனக்குச் சுரண்டி.”

நான் அதைக் காதில் வாங்கினதில்லை. வாங்கியிருக்க வேண்டும்.

பழசு செத்தால்தான் புதுசு என்று முடிவு செய்தேன். பெட்ரோல் டேங்குக்கு அடியில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதை மூடினால் இன்ஜினுக்குச் சொட்டு போகாது. மூடினேன். பிறகு அடுப்படி ஜன்னலுக்கு நேராக மெஷினைத் தள்ளிக்கொண்டுவந்து, அவள் பார்க்கும்படி ஸ்டார்ட் கயிற்றை இழுத்தேன். பத்து தடவை, இருபது தடவை. முப்பதுக்கு மேல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். பாதி நடிப்பு, பாதி நிஜம்.

லெம்பி பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு தடவை குனிந்தாள். ஒரே ஒரு தடவை இழுத்தாள். மெஷின் சிங்கம் மாதிரி எழுந்தது.

“இது சாகல ரெய்னோ” என்றாள். “யாரோ வாயைப் பொத்தி வச்சிருந்தாங்க.”

திட்டியிருந்தால் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

சாட்சி வைத்து ஜெயிக்கலாம் என்று அடுத்து ஒரு யோசனை. எங்கள் வீட்டில் சனிக்கிழமை நீராவிக் குளியல் உண்டு, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஆர்வோவும் அவன் மனைவி ஹெல்மியும் வருவார்கள். புகையில் வாட்டின மீன் இரண்டு தருகிறேன் என்று ஆர்வோவுக்கு லஞ்சம் பேசினேன். பழைய மெஷின் ஆபத்து என்று லெம்பி காதுபட அவன் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மூன்று மீன் கேட்டான். ஒத்துக்கொண்டேன்.

குளித்து முடித்துத் தக்காளி மாதிரி சிவந்துபோய் நாலு பேரும் காபி மேஜையில் உட்கார்ந்தோம். ஹெல்மி பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். அதிகம் பேச மாட்டாள், கையுறை பின்னிக்கொண்டே இருப்பாள். ஆர்வோவின் புது மெஷின் ஷெட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து அவள் காரும் வெளியில்தான் நிற்கிறது. அன்றைக்கு அது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை.

“லெம்பி, அந்த மெஷின் ஆபத்து” என்று ஆர்வோ பாடம் ஒப்பித்தான். “ஒரு நாள் இவன் காலைக் கடிச்சிடும்.”

“இவன் காலைக் கடிச்சா அதுக்குத்தான் பல்லு போகும்” என்றாள் லெம்பி. அவனுக்கு இன்னொரு துண்டு ரொட்டியை வெட்டி வைத்தாள். வெண்ணெயைத் தாராளமாகத் தடவினாள். “ஆமா ஆர்வோ, உன்னுது ரொம்பப் பெரிய மெஷினாமே?”

போதும். ஆர்வோ நாற்காலியில் நிமிர்ந்துவிட்டான்.

“பெருசான்னா கேக்கற? இந்தத் தெரு முழுக்கத் தள்ள ஒரு மணி நேரம்.”

“எங்க வாசல்?”

“காபி ஆறுறதுக்குள்ள முடிச்சிடுவேன்.”

“ஒரு நாள் முடிக்கலாம். தினமும் ஆகுமா?”

“ஏன் ஆகாது? ஏப்ரல் வரைக்கும் தள்ளறேன். இந்த ரொட்டி ஒண்ணு போதும் எனக்கு.”

ஹெல்மி பின்னுவதை நிறுத்தாமல், “கேட்டுக்கிட்டேன்” என்றாள். அன்றைக்கு அவள் பேசினது அந்த ஒரு வார்த்தைதான்.

நீராவிக் குளியல் முடித்து ஒரே மேஜையில் காபி குடிக்கும்போது சொன்ன சொல்லை எங்கள் ஆட்கள் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. கல்யாணமே அப்படி நிச்சயம் ஆகியிருக்கிறது. என்னுடையதும் அப்படித்தான் ஆனது, எனக்குத் தெரியும். ஆனால் அப்போது என் புத்தி இரண்டு விளக்குக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது.

லெம்பி என் பக்கம் திரும்பி, “நீ சொல்றதுதான் சரி ரெய்னோ. பழசு போகட்டும்” என்றாள்.

நாற்பத்தோரு வருஷத்தில் அந்த வாயிலிருந்து ‘நீ சொல்றதுதான் சரி’ வந்தது அதுதான் முதல் தடவை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். நனைந்த ஆடு சந்தோஷமாக இன்னொரு கப் காபி ஊற்றிக்கொண்டது.

பழையதை விற்கலாம் என்றேன். சர்ச் வாசலில் போதகர் தனியாக மண்வெட்டியோடு கஷ்டப்படுகிறார், அங்கே கொடுத்துவிடலாம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே ட்ரக்கில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். புது பெல்ட்டும் அவளே மாட்டிக் கொடுத்தாள். போதகர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். கடவுளுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை. அவள் யோசித்திருக்கிறாள்.

திங்கட்கிழமை சாயங்காலம், “புதுசு வர்ற இடம் சுத்தமா இருக்க வேண்டாமா?” என்றாள். நியாயம்தானே. துடுப்பை எறிந்தேன், கேன்களை அடுக்கினேன், அந்தக் கதவைக்கூட விறகாக்கினேன். தரையைக் கழுவினேன். பிறகு புது மெஷினுக்கு இடம் அளந்து தரையில் மஞ்சள் பெயின்ட்டில் கோடு போட்டேன். டேப்பின் மறுமுனையை லெம்பிதான் பிடித்தாள்.

“இன்னும் கொஞ்சம் அகலமா போடு. கிட்டப் போய்த் துடைக்க இடம் வேணாமா?”

அகலமாகப் போட்டேன்.

“நீளமும் பத்தாது. கழுத்தைத் திருப்பறப்ப இடிக்கும்.”

நீளமும் போட்டேன். என் மெஷின்மேல் அவளுக்கு இவ்வளவு பாசமா என்று கோட்டை இன்னொரு தடவை அழுத்திப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை பட்டணத்துக் கடைக்குப் போனேன். இரண்டு விளக்கு மெஷினைத் தடவிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை புதுசாக ஒன்று வந்து இறங்கும், வந்ததும் போன் செய்கிறோம் என்றார்கள். பாடிக்கொண்டே வீடு வந்து ஷெட்டைத் திறந்தேன்.

மஞ்சள் கோட்டுக்குள் லெம்பியின் கார். தொட்டிலில் குழந்தை மாதிரி படுத்திருக்கிறது. காருக்கும் கோட்டுக்கும் நடுவில் இந்தப் பக்கம் ஒரு முழம், அந்தப் பக்கம் ஒரு முழம். மெஷினுக்கு எடுத்த அளவு இல்லை அது. கதவு திறந்து இறங்கத் தோதாக, காருக்கு எடுத்த அளவு.

“இது என்ன?”

“கார்.”

“மெஷினுக்கு இடம்?”

“மெஷின் வரட்டும், பேசிக்கலாம். சும்மாக் கிடக்கற இடம்தானே.”

அன்றைக்குப் பிடித்த பனி மூன்று நாள் நிற்கவில்லை. புதன்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் எங்கள் வாசல் துடைத்த தட்டு மாதிரி இருக்கிறது. ஆர்வோ. வியாழக்கிழமை விடிவதற்கு முன்பே மண்வெட்டியோடு வெளியே போனேன். அதற்குள் வந்து முடித்துவிட்டுப் போயிருந்தான். நேரே அவன் வீட்டுக்குப் போய், போதும் நிறுத்து என்றேன். அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலி உயிர் போகிறது என்றும், மேஜையில் சொன்ன சொல் என்று ஹெல்மி விடியுமுன் உதைத்து எழுப்புகிறாள் என்றும் அழாத குறையாகச் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தி, “ரொட்டி மட்டும் நிக்காமப் பாத்துக்கடா” என்றான்.

வெள்ளிக்கிழமை கடையிலிருந்து போன். லெம்பிதான் எடுத்தாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“உன் மெஷின் வந்திருச்சாம். போய் எடுத்துட்டு வா. நான் ஒண்ணும் குறுக்க நிக்கல.”

“உன் காரை வெளிய எடுப்பியா?”

“எதுக்கு? ட்ரக்கை எடு. நீதானே மெஷின் வாங்கற.” தலையால் ஜன்னலைக் காட்டினாள். “அதோட, தள்ளறதுக்குப் பனி எங்க இருக்குன்னும் ஒரு எட்டுப் பாத்துக்க.”

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கள் பாதையில் ஒரு பூனை படுத்து உருளக்கூடப் பனி இல்லை. ஷெட்டை எட்டிப் பார்த்தேன். ட்ரக் என்னைப் பார்த்தது. பதினாறு வருஷமாகக் கண்ணாடியில் ஒரு பொட்டுப் பனி படாமல் வளர்த்த பிள்ளை. அதை வெளியே நிறுத்திவிட்டு, இல்லாத பனியைத் தள்ளும் மெஷினை உள்ளே வைக்க வேண்டும்.

போனை வாங்கி, வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று நானே சொன்னேன். கவனியுங்கள், நானே. அவள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறு திங்கட்கிழமை காலை. லெம்பி சூடான ரொட்டியைத் துண்டில் சுற்றி என் இடது கையில் வைத்தாள். எதிர்சாரியில் ஒவ்வொரு திரையாக விலகியது. நான் படி இறங்கினேன்.

“இரு கிழவா. அது மட்டும் போதாது” என்றாள்.

ஷெட்டுக்குள் போனாள். ஒன்பது வருஷமாக அவள் கையிலிருந்த சுரண்டியை ஆணியிலிருந்து எடுத்துவந்து என் வலது கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

“ஹெல்மி ஏழு மணிக்குள்ள பள்ளிக்கூடத்துல இருக்கணும். கண்ணாடி நாலு பக்கமும் சுரண்டிடு. ஏப்ரல் வரைக்கும் நீ வருவன்னு அந்தக் குளியல் சனிக்கிழமைக்கு முந்தின நாளே அவகிட்டச் சொல்லிட்டேன்.”

பனி ஒட்டாத காரில் ஏறினாள். ரொட்டியும் சுரண்டியுமாக நான் தெருவின் நடுவில் நிற்கும்போது என்னைக் கடந்து போனாள். போகிறபோது அந்த ஹாரனையும் அவளே அடித்தாள்.