மேடத்தின் கறிக்கு நான் போட்ட உப்பு

குழம்பில் உப்பு இல்லையென்றால் எங்கள் ஊரில் விருந்தாளி வாய் திறக்கமாட்டான். சமைத்தவர் மானம் போய்விடும். ஓசைப்படாமல் சரிசெய்துகொண்டு சாப்பிட்டு எழுந்துவிட வேண்டும். நல்ல பழக்கம்தான். அதனால்தான் நான் கெட்டேன்.

தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் எனக்கு மூட்டை தூக்குகிற வேலை. வீட்டில் கறுப்பு நாட்டுப் பன்றிகள். கம்பெனிகள் வந்தபின் மேயவிட இடமில்லை. "வித்துடுய்யா, பேஜாரா கீது" என்று என் மனைவி ஸ்டெல்லா தினம் சொல்வாள். எனக்கு மனசு வரவில்லை.

அப்போது கால்நடைக் கல்லூரியிலிருந்து ஒரு டாக்டர் மேடம் வந்தார். நாட்டுப் பன்றிக் கறிக்கு ஏன் இந்த ருசி, அது பரம்பரையாக வருகிறதா என்று ஆராய்ச்சி. என் பன்றிகளின் காதில் துளி சதை எடுத்தார். ஒன்றைக் கறிக்கு வாங்கிக்கொண்டார்.

"உங்க பன்னி இந்தச் சோதனையில தேறினா கொட்டகை போட்டுத் தர்றோம். இந்த வம்சம் அழியக்கூடாதுண்ணா."

தேறாவிட்டால் எல்லாவற்றையும் விற்றுவிடுவதாக ஸ்டெல்லாவுக்கு வாக்குக் கொடுத்தேன்.

கறியை ருசி பார்த்து மார்க்கு போட ஆபீசர்களோடு பன்றிக்காரர்கள் எங்களையும் கல்லூரிக்குக் கூப்பிட்டார்கள். காலையில் நாஷ்டா சாப்பிடாமல் போனேன். (கறி தின்னப் போகிறவன் வயிற்றை நிரப்பிக்கொண்டா போவான்?)

நான்கு சட்டி. நான்கு பன்றியின் கறி. எது யாருடையது என்று தெரியாது. மற்றவர்களை அழைத்துவர மேடம் வெளியே போனார். பசி. ஒரு துண்டை வாயில் போட்டேன். உப்பே இல்லை. மற்ற மூன்றிலும் இல்லை. பாவம், படித்த பிள்ளை, சமையல் தெரியாது என்று நினைத்தேன். ஆபீசர்கள் தின்றால் இந்தப் பெண்ணின் மானம் என்ன ஆகும்?

கேன்டீன் சோற்றுக்காக உப்பும் மிளகுத்தூளும் கலந்த பொட்டலம் எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். நாலு சட்டிக்கும் சமமாகத் தூவினேன். கிளறியும் விட்டேன்.

வந்தவர்கள் ரசித்துத் தின்றார்கள். நாலுக்கும் முழு மார்க்கு. மேடம் முகம் மாறியது. தானும் ஒரு துண்டு தின்றார்.

"யாரு உப்பு போட்டது?"

"நான்தான் மேடம். மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"மறக்கலண்ணா. கறியோட சொந்த குணம் தெரியணும்னுதான் போடல. இப்ப எல்லாரும் உங்க பொட்டலத்துக்கு மார்க்கு போட்டிருக்காங்க."

ஊத்துக்கோட்டையிலிருந்து வந்த பன்றிக்காரர் ஒருவர் மெதுவாகக் கேட்டார். "இன்னா நைனா, பன்னியக் காப்பாத்த வந்தியா, கொழம்பு வெக்க வந்தியா?"

கொட்டகை போச்சு என்று நின்றேன். மேடத்துக்கு மேலதிகாரியான ஐயா வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். மேடம் என் பக்கம் திரும்பவேயில்லை.

"சமையல்ல என் தப்பு சார். ஐஸ் பெட்டியில மிச்சக் கறி இருக்கு. நாளைக்கு மறுபடி வெக்கிறேன்."

மறுநாள் எனக்கு முதலில் இட்லி கொடுத்தார். பிறகு சட்டைப்பையைக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

என் பன்றி தேறியது. காதுச் சதையில் கண்ட பரம்பரைக் குணமும் கறியின் ருசியோடு ஒத்துப்போனதாம். கொட்டகை வந்தது. இப்போது குட்டிகளுக்குத் தண்ணீர் காட்டுவது ஸ்டெல்லாதான். மேடத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். எனக்கு அது வாயில் வராது. கிறிஸ்துமஸுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன்.

அன்று பார்த்து ஸ்டெல்லா அவசரத்தில் உப்பை மறந்துவிட்டாள். மேடம் ஒன்றும் சொல்லாமல் தின்றார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார். கடைசியில் உட்கார்ந்த ஸ்டெல்லா முதல் வாயிலேயே நிமிர்ந்தாள்.

"இன்னா மேடம், சொல்லக்கூடாதா?"

"எங்க காலேஜ் பக்குவம் இதுதான்க்கா. அண்ணனக் கேளுங்க."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உப்பில்லாத குழம்புக்குக் காலேஜு குழம்பு என்று பேர்.