சுருளர் வீட்டில் மூச்சு விடக்கூடாது

மற்றவர்களின் மூச்சை நிறுத்தி வைக்கிற ஆளை நான் லண்டனில் ஒருவரைத்தான் கண்டிருக்கிறேன். அவர் டாக்டர் இல்லை. நோர்பரியில் ஒரு பெற்றோல் ஷெட்டில் கல்லாவில் இருந்தவர். எல்லோருக்கும் அவர் சுருளர். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். நான் கேட்கவில்லை.

பழைய சீனப் படங்கள் சேர்ப்பதுதான் அவருக்கு உயிர். சுவரில் தொங்கவிடுகிற நீளப் படங்கள். பட்டிலோ தாளிலோ வரைந்து, அடியில் ஒரு தடி வைத்திருப்பார்கள். வேண்டாத நேரம் பாய் போலச் சுருட்டி வைக்கலாம். அதனால்தான் அந்தப் பெயர்.

சுருளை விரித்தவுடன் சொல்லுவார்.

"மூச்சை விடாதை தம்பி. ஈரம் படத்துக்குக் கூடாது."

எனக்கு இருபது எண்ணும் வரைதான் தாங்கும். அவருக்கு அது போதாது.

படத்தின் வயதை அவர் மூக்கால் சொல்லுவார். நல்ல மை என்றால் அடுப்புப் புகை மணக்க வேண்டுமாம். பிறகு பூச்சி ஓட்டை. சுருட்டி வைத்ததைப் பூச்சி தின்றால், விரிக்கும்போது ஓட்டைகள் வரிசையாக வருமாம். ஆணியால் குத்திப் பழசாக்குகிறவனுக்கு அந்தப் பொறுமை இல்லையாம். வீட்டுப் பழசுகளைக் காரில் வைத்தே விற்கிற ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் வெள்ளைக்காரரின் காரின் பின்பக்கத்தில் தலையை விட்டு மணந்துகொண்டு நிற்பார். ஒருமுறை அந்தக் காரின் நாயும் வந்து இவரை மணந்தது. இரண்டும் ஒன்றையொன்று மதித்து விலகிக்கொண்டன.

ஒருநாள் சாப்பிட ஒரு சீனக் கடைக்குப் போனோம். சுவரில் ஒரு மலைப் படம். சுருளர் கதிரையில் ஏறிவிட்டார். சமையல் ஆவி படத்தை அழிக்கிறது என்று கடைக்காரருக்கு விளங்கப்படுத்தினார். பிறகு திரும்பி, சாப்பிட்டுக்கொண்டிருந்த சனத்தைக் கொஞ்சம் மூச்சைப் பிடிக்கச் சொன்னார். இரண்டு பேர் பிடித்தும் விட்டார்கள். கடைக்காரர் படத்தைக் கழற்றிப் பின்பக்கத்தைக் காட்டினார். விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. என் நூடில்ஸ் ஆறிவிட்டது.

இப்படிச் சேர்த்தது நாற்பத்திரண்டு. சின்ன அறை நிறைந்துவிட்டது. அந்த நேரம்தான் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வருவதாக முடிவானது. அக்கா, அதாவது சுருளரின் மனைவி, அதிகம் பேசமாட்டா. அன்றைக்குப் பேசினா.

"அறை பிள்ளைக்கு. உதில ஒண்டெண்டாலும் அசல் எண்டு படிச்ச ஆரும் சொன்னா வைச்சிருங்கோ. இல்லாட்டி எல்லாம் கவுன்சில் குப்பைக்கு."

 அடுத்த நாள் சுருளர் என்னைக் கூப்பிட்டார். நான் தமிழ்க் கடைகளுக்கு மரக்கறி போடுகிற வான் வண்டி ஓடுகிறேன். நகரத்துக்குள் ஓர் ஏலக் கடையில் இலவசமாகப் பார்த்துச் சொல்லுவார்களாம். சுருள்களை ஏற்றினோம். வானில் கருவாட்டு மணம். மூக்குக் கெட்டுவிடும் என்று வழி முழுக்கத் தலையை வெளியே வைத்துக்கொண்டு வந்தார்.

புறப்படும்போது அக்கா இன்னொரு சுருளைக் கொண்டுவந்து தந்தா. அது சாமி அறையில் தொங்கினது. உயர்ந்த நெற்றி, நீளத் தாடி, கையில் பழம் வைத்த ஒரு கிழவர். நாலு வருஷத்துக்கு முன் மற்றப் படங்களோடு சும்மா வந்தது. சுருளர் ஒருதரம் மணந்துவிட்டு எறிந்துவிட்டார். கற்பூரம் மணக்குதாம். சீனத்தில் ஏது கற்பூரம், எங்கட ஆள் ஆரோ செய்த போலி என்றார். கற்பூரம் மணந்ததால்தான் அக்கா அதை எடுத்து மாட்டினா. ஆரோ முனிவர் என்று நினைத்திருக்கிறா.

"இவரையும் ஒருக்காக் காட்டுங்கோ" என்றா.

ஏலக் கடையில் இருந்தது கண்ணாடி போட்ட ஒரு சீனப் பெண்பிள்ளை. மரியாதையாகத்தான் பார்த்தா. முதலாவது அச்சு. இரண்டாவதும் அச்சு. மூன்றாவது சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கிறது. இருபதுக்கு மேல் நான் எண்ணவில்லை. ஒவ்வொன்றைச் சுருட்டும்போதும் சுருளர் கொஞ்சம் குட்டையானார். நாற்பத்திரண்டும் முடிந்தன. அவர் எழும்பிவிட்டார். மிஞ்சினதை நான் எடுத்து மேசையில் வைத்தேன்.

அந்தப் பிள்ளை பாதி விரித்தா. நின்றா. குனிந்தா. மூக்கு படத்தைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தா.

சுருளர் என் கையைப் பிடித்து நசித்தார்.

"தம்பி, அவ மூச்சு விடேல்லையடா."

அசல்தான். முந்நூறு வருஷமாவது இருக்குமாம். கற்பூர மரப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்திருக்கிறார்களாம். அதுதான் மணம். சுருளர் தன் மூக்கைத் தடவிக்கொண்டார்.

பிறகு அந்தப் பிள்ளை கிழவரின் நெற்றியைக் காட்டினா. அது என்ன சிவப்புக் கறை? நாலு வருஷத்து வெள்ளிக்கிழமைச் சந்தனமும் குங்குமமும். கழுவ ஆட்கள் இருக்கிறார்களாம். கழுவினால் மதிப்புக் கூடுமாம். சுருளர் படத்தின் ஓரத்தில் இருந்த சிவப்பு முத்திரைகளைக் காட்டினார். வைத்திருந்த ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் முத்திரையைக் குத்துவது சீன வழக்கம். அது அவருக்குத் தெரியும்.

"இது எங்கட வீட்டு முத்திரை. எடுக்கப்படாது" என்று தமிழில் சொன்னார். நான்தான் இங்கிலீசில் சொன்னேன். அந்தப் பிள்ளை சிரித்து, அதையும் எழுதிக்கொண்டா.

வீட்டு வாசலில் அக்கா நின்றா.

"நீ பொட்டு வைச்ச ஆள்தான் அசல்" என்றார் சுருளர்.

"தெரியும்."

"எப்பிடி?"

"முகத்தைப் பாத்தாத் தெரியாதே?"

மற்ற நாற்பத்திரண்டையும் அவர் குப்பைக்குக் கொடுக்கவில்லை. நான் மரக்கறி போடுகிற கடைகளுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்தார். இன்றைக்கும் நோர்பரியிலிருந்து வெம்பிளி வரை தமிழ்க் கடைகளில் வெங்காய மூட்டைக்கு மேலே சீன மலை நிற்கும்.

படத்துக் கிழவர் பிள்ளையின் அறைக்குப் போனார். வருஷத்தில் ஒரு கிழமை, ஏழே ஏழு நாள்தான் தொங்குவார். மிச்ச நாள் சுருட்டி வைக்க வேண்டும், வெளிச்சம் கூடாது. அந்தக் கிழமை தொட்டிலில் கிடந்த பேத்திக்கு மட்டும் சுருளர் விலக்கு அளித்தார்.

"அது சின்ன மூச்சுத்தானே" என்றார்.

சுருளர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். அக்கா ஒவ்வொரு வருஷமும் அந்தக் கிழமை படத்தை மாட்டிவிட்டு எனக்குச் சொல்லுவா. நான் போய் முன்னால் நிற்பேன். மூச்சைப் பிடிக்கச் சொல்ல ஆள் இல்லை. பிடிக்கிறேன்.

இப்போது நாற்பது எண்ணும் வரை தாங்குகிறது.