நாற்பத்தோரு சிடி வெற்றியா, இல்லையா?

2007, ஆடி பிறந்த அன்றைக்கு, ஹைதராபாத் கொண்டாப்பூர் ஃப்ளாட்டின் மூன்றாவது மாடியில் பாலச்சந்திரன் ஒரு சபதம் செய்தார்.

"மூணு மாசத்துல என் கம்ப்யூட்டர் கேம் ஆயிரம் சிடி வித்துதுன்னா வேலைய விட்டுடுவேன் கல்பு! சொந்தக் கம்பெனி! அடுத்த கேம்!"

"விக்கலைன்னா?" என்றாள் மனைவி கல்பகம், அவரைக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"விக்கலைன்னா நீ கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டேன்."

சும்மா சொல்லக்கூடாது, கேம் பிரமாதமான கேம். உப்பலிலிருந்து கொண்டாப்பூர் வரைக்கும் ஒரு ஷேர் ஆட்டோவை ஓட்டிக்கொண்டு வரவேண்டும். நடுவில் குழி, கல்யாண ஊர்வலம், எருமை. ஆபீஸில் ஏதோ ஒரு அமெரிக்க வங்கிக்குப் புரோகிராம் எழுதுகிற மனுஷன், ரெண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டித் தனியாளாகச் செய்தது. ஹாரன் அடித்தால் அந்த எருமை நிதானமாகத் திரும்பி ஒரு பார்வை பார்க்கும் பாருங்கள், அதற்கு மட்டும் பதினோரு வாரம். லிஃப்டில் ஏறுகிறவர்களிடம்கூட, "அந்த எருமை நான் பண்ணது சார்" என்று சொல்லிவிடுவார்.

முதல் மாசம் அமீர்பேட்டைக் கடையில் பதினாலு சிடி விற்றது.

"ஆயிரம்கிறது ஒரு பேச்சுக்குச் சொன்னது. முதல் கேமுக்கு ஐந்நூறே பெரிய விஷயம்" என்றார். கல்பகம் காலண்டரில் ஆயிரத்தை அடித்து ஐந்நூறு என்று எழுதினாள்.

ரெண்டாம் மாசம் மொத்தம் இருபத்தொன்பது. ஐந்நூறு நூறாயிற்று. மூன்றாம் மாசக் கடைசியில் நாற்பத்தொன்று. கடைக்காரர், "நக்கோ சார், வேணாம், இடம் இல்ல" என்று மிச்சத்தை அட்டைப்பெட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வேறொருத்தராக இருந்தால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்திருப்பார். பாலச்சந்திரன் படியை மூன்று மூன்றாகத் தாவிக்கொண்டு வந்தார். கையில் கசங்கின பிளாஸ்டிக் உறையில் ஒரு சிடி.

"கல்பு! பிளாட்பாரத்துல என் கேமுக்குத் திருட்டு சிடி போட்டிருக்கான்! இருபது ரூபா! பேரமே பேசாம வாங்கினேன்!"

"உங்க கேமை நீங்களே காசு குடுத்தா?"

"அடி அசடே, திருடன் எதைத் திருடுவான்? ஓடுற சரக்கைத்தானே? ஊத்திக்கிட்ட எதுக்காவது திருட்டு சிடி பார்த்திருக்கியா? கடையில நாப்பத்தொண்ணு, பிளாட்பாரத்துல எத்தனை ஆயிரமோ! வெற்றிடி! நாளைக்கே ராஜினாமா!"

கல்பகம் சண்டைக்கு வரவில்லை. அவள் கண் கலங்கிவிட்டது. "நிஜமாவே பெருமையா இருக்குங்க" என்றாள். அதில் பொய் ஒரு துளி இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சாமி அலமாரிக்குப் போய், ஒரு ரூபாய் முடிந்த மஞ்சள் துணியை எடுத்து வந்தாள்.

"கேம் ஜெயிச்சா உங்களுக்குத் திருப்பதியில மொட்டை போடறதா வேண்டிக்கிட்டு முடிஞ்சு வச்சேன். பெருமாள் கேட்டுட்டார்!"

பாலச்சந்திரனின் கை தானாகத் தலைக்குப் போனது. அவர் வம்சத்தில் முப்பது தாண்டி முடி வைத்திருந்த ஆம்பளை கிடையாது. இவருக்கு மட்டும் நாற்பதிலும் சீப்பு உள்ளே போனால் வெளியே வர மறுக்கும். எடுத்துவிட்டால் மறுபடி முளைக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

"கல்பு... யோசிச்சுப் பார்த்தா நாப்பத்தொண்ணு கொஞ்சம் கம்மிதான், இல்ல?"

"என்ன கம்மி? பிளாட்பாரத்துல ஆயிரக்கணக்கா போகுதுன்னு இப்பதானே சொன்னீங்க?"

"திருட்டு சிடியெல்லாம் கணக்குல சேருமா?"

"அதை விடுங்க. முன்னபின்ன தெரியாத நாப்பத்தோரு பேர் கைக்காசு போட்டு உங்க எருமையைப் பார்த்திருக்காங்க. நம்ம கல்யாணத்துக்கே அத்தனை பேர் இஷ்டப்பட்டு வரலை!"

"இருந்தாலும்..."

"சரி, தோல்வின்னு வாயால சொல்லிடுங்க. முடி தப்பிச்சுது."

வாயைத் திறந்தார். 'தோ' வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. பெற்ற பிள்ளையை உதவாக்கரை என்று யாராவது சொல்வார்களா? அதுவும் கேவலம், முடிக்காக? அந்த எருமைக்கு அவர் துரோகம் பண்ண மாட்டார். அதற்காக முடியை விடவும் மனசில்லை. ஹாலில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்து நிமிஷம் நடந்தார். சட்டென்று நின்றார். முகம் பளிச்சென்று ஆயிற்று.

"எழுதிக்கோ கல்பு. கேம் வெற்றிதான். ஆனா வேலைய விடற அளவுக்கு வெற்றி இல்ல. முழு வெற்றி இல்லாததால மொட்டையும் கிடையாது. எப்படி?"

"அப்போ வேலைய விடலை?"

"விடலை."

"சத்தியமா?"

"உன் மேல சத்தியம்!" என்றார். மனைவியை இப்படி மடக்கியதில் அவருக்கே அவர் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

கல்பகம் நிதானமாகச் சாமி அலமாரிக்குப் போய் இன்னொரு மஞ்சள் முடிச்சோடு திரும்பி வந்தாள்.

"பெருமாள்கிட்ட போய் முக்கால் வெற்றி, அரை வெற்றின்னெல்லாம் பேச முடியாதுங்க. ஜெயிச்ச கேமுக்கு இந்தச் சனிக்கிழமையே போட்டுடலாம். நீங்க வேலைய விடாம இருந்தா இன்னொரு மொட்டைன்னு இதை முடிஞ்சு வச்சேன், இதுக்கு முடி வளர்ந்தப்புறம் தை மாசம் போய்க்கலாம்."