தள்ளட்டுங்களாவும் ஒற்றைப் பலகையும்

“உங்கப்பன் கெணத்து மேட்டுக்கே போவமாட்டான். நீ தண்ணி மேல ஒத்தப் பலகையில நிக்கப் போறயா கண்ணு?”

சோமனூரில் ஒரு சீர் வீட்டில், பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த சித்தி, வாளியை நிறுத்திவிட்டுக் கேட்டது இது. நிற்பேன் என்றேன். எந்தக் காலை முன்னால் வைத்து நிற்பது என்று மட்டும் அப்போது எனக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடித்துச் சொல்லவேண்டியவரோ, கொங்கு நாடு முழுக்கத் தேடினாலும் அந்த வேலைக்கு இவரைவிட லாயக்கில்லாத ஆள் கிடைக்கமாட்டார்.

நேரில் அவரை அண்ணா என்போம். முதுகுக்குப் பின்னால் ‘தள்ளட்டுங்களா’. அனுமதி கேட்காமல் அவர் இந்தப் பூமியில் எதையும் தொட்டதில்லை. படகு மோட்டாரைக் கிளப்பும் முன், “கொஞ்சம் சத்தம் வருமுங்க” என்று கரையில் நிற்கும் கொக்குகளிடம் சொல்லிவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார். கொக்குகளுக்குப் பழகிவிட்டது. அவர் சொன்னதுமே பறந்துவிடும்.

பொள்ளாச்சி தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு தனியார் ஏரி. அதில் ஒரு மோட்டார் படகு, படகின் பின்னால் ஒரு கயிறு, கயிற்றின் முனையில் ஞாயிறுதோறும் விழுந்து விழுந்து எழும் ஏழெட்டுப் பேர். படகை ஓட்டுவது, பலகை பூட்டுவது, விழுந்தவரைப் பொறுக்கி வருவது எல்லாம் தள்ளட்டுங்களாதான். நாற்பது வயதுகூட இருக்காது. மற்ற நாட்களில் பக்கத்துக் கொப்பரைக் களத்தில் எடை போடுகிறார்.

நான் சிங்காநல்லூரில் ஒரு பம்பு சோதனைக்கூடத்தில் இன்ஜினியர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். மிதித்ததோடு நிற்காமல் உள்ளேயும் போய்ப் பட்டத்தோடு வெளியே வந்தவள். இரண்டு காலுக்கும் தனித்தனிப் பலகை கட்டிக்கொண்டு படகின் பின்னால் சறுக்குவதைப் போன வருடமே கற்றுவிட்டேன். அடுத்தது ஸ்லாலம். ஒரே பலகைதான், அதில் ஒரு காலுக்குப் பின்னால் இன்னொரு காலை வைத்து நிற்கவேண்டும். மார்ச்சில் ஏரி இறங்கிவிடும், படகு தரை தட்டும். கையில் இருந்ததோ நான்கே ஞாயிறு. அதற்குள் நின்று காட்டுவதாகச் சித்தியில் தொடங்கி ஆபீஸ் வாட்ச்மேன் வரை எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

முதலில் பலகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆளின் எடையைப் பொறுத்துப் பலகை. தள்ளட்டுங்களா என்னைத் தேங்காய்த் தராசில் ஏறச் சொன்னார். எடை கேட்பது மரியாதை இல்லையாம். அதனால் கிலோவைச் சொல்லவே மாட்டார்.

“நீங்க எண்பத்தி நாலு காய்ங்க” என்று அடக்கமாகச் சொல்லிவிட்டுக் குறித்துக்கொண்டார்.

கொட்டகையில் மூன்று பலகைகள் சாத்தியிருந்தன. ஒன்று உடைந்தது. ஒன்று சிவப்பு, ஊசி மாதிரி ஒல்லி. மூன்றாவது சேற்று நிறத்தில் அகலமாக, யாரோ வீட்டிலிருந்து பெயர்த்து வந்தது போல இருந்தது. நான் சிவப்பைக் கையில் எடுத்தேன்.

“அது வேகத்துக்குங்க. படகு பறந்தாத்தான் ஆளத் தூக்கும். இது மெதுவாப் போனாலும் தூக்குமுங்க. மொதத் தடவைக்கு அகலம்தான் நல்லதுங்க அம்மணி.”

“இது கதவாட்ட இருக்குதுங்கண்ணா.”

“கதவு மொதக்குமுங்க.”

இணையத்தில் பதினாறு பக்கம் படித்து, அட்டவணை போட்டு வந்தவளிடம் சொல்லும் பதிலா இது? சிவப்புதான் வேண்டும் என்றேன். உங்க இஷ்டமுங்க என்றார்.

அடுத்து, முன்கால். அதற்கேற்றபடிதான் பலகையில் கால் நுழைக்கும் பூட்டைத் திருப்பித் திருகவேண்டும். கண்டுபிடிக்கும் வழி உலகம் முழுக்க ஒன்றுதான்: ஆளுக்குத் தெரியாமல் பின்னாலிருந்து லேசாகத் தள்ளவேண்டும். தடுமாறும்போது எந்தக் கால் முன்னே போகிறதோ, அதுவே முன்கால். நம்மவர் கையால் தள்ளுவது முறையில்லை என்று துடுப்பின் நுனியில் துண்டைச் சுற்றிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

“ஏனுங்க, தள்ளட்டுங்களா?”

கேட்டபின் எவள் தடுமாறுவாள்? பலருக்கும் இடதுதான் முன்கால் என்று படித்திருந்தேன். துடுப்பு முதுகில் பட்டதும் கண்ணியமாக இடது காலை எடுத்து முன்னே வைத்தேன். அவரும் கண்ணியமாக அதைக் குறித்துக்கொண்டார். அங்கே வந்த எல்லோருக்கும் முன்கால் இப்படித்தான் முடிவாகியிருக்கிறது.

முதல் ஞாயிறு சிவப்புப் பலகை எனக்கு ஏரியின் அடியைக் காட்டியது. இரண்டாம் ஞாயிறு மறுபடியும் காட்டியது. பதினொன்றாவது தடவை விழுந்து மூக்கில் தண்ணீர் ஏறியபோது, அட்டவணையைவிடக் கதவு பரவாயில்லை என்று தோன்றியது. சொல்லத்தான் வெட்கம். “அந்த இன்னொண்ணு…” என்று இழுத்தேன். அவர் உடனே கதவை எடுத்து வந்தார். உட்கார்ந்து ஒரு மணி நேரம் திருகாணி மாற்றினார்.

மூன்றாம் ஞாயிறு கதவு உண்மையிலேயே தூக்கியது. பாதி எழுந்தேன். எழுந்ததும் இடுப்பு ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். ஆறு தடவையும் அதே கதை. கோளாறு பலகையில் இல்லை, காலில்தான் என்று புரிந்தது. இனிமேல் சொல்லாமல் தள்ளுங்கள் என்று அவரைக் கெஞ்சினேன். பின்னால் நின்று மூன்று தரம் மூச்சு வாங்கினார். கடைசியில், “மன்னிச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டுத் தள்ளினார். மதியம் இன்னொரு முயற்சி. அதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: ‘சாப்பிட்டு வந்ததும் சொல்லாமத்தான் தள்ளுவேனுங்க. தப்பா எடுத்துக்காதீங்க.’

அன்று மாலை வெறுப்போடு பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் நின்றேன். திருகாணி வாங்க வந்தவர் என்னை வழியனுப்பவும் நின்றார். பேச்சுக்குப் பேச்சு ‘ங்க’ போடும் எங்கள் ஜனம், ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூர் பஸ்ஸைக் கண்டால் ஒரு ‘ங்க’கூடப் போடாது. பஸ் திரும்பியதும் மொத்தக் கூட்டமும் என் முதுகில் வந்து மோதியது. செருப்பு ஒரு பக்கம், பை ஒரு பக்கம். விழாமல் எப்படியோ காலை ஊன்றினேன்.

“வலதுங்க” என்றார் பின்னாலிருந்து தள்ளட்டுங்களா. “அம்மணி, உங்களுக்கு வலதுங்க.”

“வலதோ எடதோ, ஏறுங்க மொதல்ல” என்றார் கண்டக்டர்.

கடைசி ஞாயிறு. பூட்டை வலது காலுக்குத் திருப்பியிருந்தார். ஏரி ஏற்கெனவே இறங்கத் தொடங்கி, கரையோரம் சேறு தெரிந்தது. இன்றைக்கு விட்டால் மழைக்காலம்தான். முதல் இரண்டு தடவை விழுந்தேன். மூன்றாவது தடவை முழங்காலை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தேன். “போலாங்களா?” என்றார். போலாங்க என்றேன். கயிறு விறைத்தது. தண்ணீர் முகத்தில் அறைந்தது. அப்புறம் அறையவில்லை. கீழே பார்த்தேன், தண்ணீர் காலுக்கு அடியில் இருந்தது. ஏரிக்கரைப் பம்பு ரூமிலிருந்து மதகு வரை, எங்கள் வம்சத்தில் யாரும் நடந்திராத இடத்தில், ஒற்றைக் கதவின் மேல் நின்றபடி போனேன். மதகருகே கவனமாக, பெருமையாக விழுந்தேன்.

படகைத் திருப்பிக்கொண்டு வந்தவர் பலகையை வாங்கித் துண்டால் துடைத்தார். வியர்வையில் என்னைவிட அவர்தான் அதிகம் நனைந்திருப்பது போலிருந்தது. நீங்கள் கடைசியாக எப்போது சறுக்கினீர்கள் அண்ணா என்று கேட்டேன்.

“நாலு வருசமிருக்குமுங்க. படகு ஓட்ட இன்னொரு ஆள் வேணுமில்லீங்களா. இருந்தவரு துபாய் போயிட்டாருங்க.”

எங்களையெல்லாம் ஒவ்வொருவராக நிற்க வைத்தவருக்கு, கயிற்றின் இந்த முனை நான்கு வருடமாகக் கிடைக்கவில்லை. கொக்கிடம்கூட அனுமதி கேட்கிறவர், இதை மட்டும் யாரிடமும் கேட்டதில்லை.

படகு ஓட்டும் பயிற்சியில் சேர்ந்துவிட்டேன். அவருக்குத் தெரியாது. தெரிந்தால், உங்களுக்கு எதுக்குங்க சிரமம் என்பார். நேற்று மூன்றாம் வகுப்பு. கயிற்றில் ஆளை வைத்து இழுக்கச் சொன்னார்கள். பின்னால் இருப்பது அவர்தான் என்று நினைத்துக்கொண்டு, மெதுவாக இழுத்தேன்.