அந்தரத்தில் நின்ற மாப்பிள்ளை

ஒரு காட்டில் குரங்குகளுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. பெண் கொடுக்கும் முன், மாப்பிள்ளை ஆற்றைத் தாவிக் கடப்பதைப் பெண்ணின் தாய்மாமன் பார்க்க வேண்டும். இப்போதெல்லாம் யாரும் ஆற்றங்கரை வரை நடப்பதில்லை. வீடியோ காட்டினால் போதும்.

அத்தியம்மா என்ற குரங்கின் மகன் இலுப்பன், தான் தாவியதைத் தானே படம் பிடித்து வீட்டுச் சேமிப்புப் பெட்டியில் போட்டு வைத்திருந்தான். குடும்பத்தின் படங்கள் எல்லாம் அந்தப் பெட்டியில்தான் இருந்தன. வீட்டில் இருக்கும் எந்த போனிலும் அவற்றைப் பார்க்கலாம்.

பெண் வீட்டார் வந்தார்கள். ஆளுக்கொரு போனில் வீடியோவைத் திறந்தார்கள். இலுப்பன் ஓடி வந்தான், கிளையை விட்டான், ஆற்றுக்கு நடுவே அப்படியே நின்றுவிட்டான். திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

தாய்மாமன் நாவலப்பர் நெடுநேரம் பார்த்தார்.

"மாப்பிள்ளை அந்தரத்துல நிக்கிறாரு. எங்க பக்கத்துல இப்படி யாரும் நின்னதில்ல" என்றார். மறு வாரமே நிச்சயம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அத்தியம்மாவுக்குத்தான் மனம் ஆறவில்லை. அவள் எத்தனையோ முறை பார்த்தும் வீடியோ அந்த இடத்தைத் தாண்டியதே இல்லை. பெட்டியைக் கட்டிக் கொடுத்த கீரியைக் கூப்பிட்டாள்.

கீரி திறந்து பார்த்தது. டிஸ்க்கில் குறை இல்லை, வயரிலும் குறை இல்லை என்றது. இருப்பதை இருந்தபடி எடுத்துக் கொடுக்க இந்தச் சின்னப் பிராசசர் போதும். பெரிய வீடியோவை ஒவ்வொரு போனுக்கும் தகுந்தபடி உடனுக்குடன் சுருக்கித் தரச் சொன்னால்தான் அதற்கு மூச்சு வாங்குகிறது என்று விளக்கியது. வேகமானதைப் போட்டால் கரண்ட் கொஞ்சம் கூடச் செலவாகும், வீடியோ தண்ணீராக ஓடும்.

இலுப்பன் அம்மாவின் வாலைப் பிடித்து இழுத்தான்.

"அம்மா, பழசே இருக்கட்டும்மா."

"நாலு பேர் முன்னால மானம் போகுதுடா. நீ சும்மா இரு."

நிச்சயத்தன்று பெண் வீட்டார் கூட்டமாக வந்து, மறுபடியும் போன்களைத் திறந்தார்கள். புதுப் பிராசசர் போட்டிருந்ததால் வீடியோ எங்கும் திக்கவில்லை. இலுப்பன் ஓடி வந்தான், கிளையை விட்டான், நடு ஆற்றில் தொப்பென்று விழுந்தான். ஓர் ஆமை அவனைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தது வரை தெளிவாகத் தெரிந்தது.

நாவலப்பர் போனைக் கீழே வைத்தார்.

"அப்ப இவரு கீழேயும் வருவாரா?" என்று கேட்டார். பிறகு தாங்கள் கொண்டுவந்த தாம்பாளத்தில் இருந்த வாழைப்பழங்களை எண்ணாமல் திரும்ப எடுத்துக்கொண்டார்.

அத்தியம்மா கீரியிடம் ஓடிப்போய்ப் பழைய பிராசசரைத் திருப்பிக் கேட்டாள். அதை அடுத்த மரத்து வீட்டுக்கு விற்றாகிவிட்டது. அங்கே இப்போது வேறொரு மாப்பிள்ளை அந்தரத்தில் நிற்கிறார். நாவலப்பர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தை மாதம் கல்யாணம்.

நீதி: பெட்டிக்குப் பிராசசர் வாங்கும் முன், உங்கள் வீடியோவைக் கடைசி வரை ஒரு முறை பாருங்கள். பிறகு, மெதுவானதையே வாங்குங்கள்.