வெளியே ஊற்றுவதைச் சொல்லாத அகராதி

சாவ்ஜோ நகரம், சீனா,
ஞாயிறு மாலை.

மதிப்புக்குரிய அகராதி ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

உயர்நிலைப் பள்ளி மாணவி சாய் யிங்ஷுவான் பணிவோடு எழுதுவது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருக்க வேண்டும். முக்கியமாகக் கண்பார்வை நன்றாக இருக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் அகராதியின் எழுத்து மிகவும் பொடி.

'இன்ஃபியூஷன்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றியே இக்கடிதம். அது 'உள்ளே ஊற்றுதல்' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்றும், நோயாளிக்கு நரம்பில் மருந்து ஏற்றுவதற்கும் அதே சொல்தான் என்றும் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. ஆனால் தேநீருக்கு வரும்போது, "கொதிநீர் ஊற்றி, சாரம் முழுவதும் இறங்கும்வரை ஊறவிடுதல்" என்று போட்டிருக்கிறீர்கள். அந்த 'முழுவதும்'தான், ஐயா, எங்கள் வீட்டைக் கவிழ்த்தது.

இன்று காலை என் அக்கா பெய்லானைப் பெண் பேசி முடிக்க, சுவாங் வீட்டு அத்தை தன் மகனோடு வந்தார். லிஃப்ட் ஓடவில்லை, அத்தைக்கோ முழங்கால் வலி. "தண்ணி கொதிச்சா நீயே டீ போட்டு வை" என்று என்னிடம் சொல்லிவிட்டு அப்பா அவர்களை அழைத்துவரக் கீழே ஓடினார். அப்பா எப்போதும் முதல் தண்ணீரைக் கொட்டிவிடுவார். பிறகு ஊற்றியதும் வடித்து, அதே இலையில் திரும்பத் திரும்ப ஊற்றுவார். தினமும் பார்க்கிறேன். ஆனாலும் அப்பாவைவிட அச்செழுத்தை நம்புகிறவள் நான், ஊறவிட்டேன். அக்கா எட்டிப் பார்த்து, "எவ்வளவு நேரமாடி ஊறுது?" என்றாள். "முழுசும் இறங்கணும்னு அகராதியில இருக்குக்கா." "அப்படியா? புஸ்தகத்துல இருந்தா சரியாத்தான் இருக்கும்" என்று, சூடு ஆறாமல் இருக்கக் கெண்டியின் மேல் இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிவிட்டுப் போனாள்.

மூச்சிரைக்க வந்த அப்பா, கவனிக்காமல் அதையே கிண்ணங்களில் ஊற்றினார். கஷாயக் கறுப்பு. அத்தை முகம் மாறாமல் விழுங்கி, "நல்லா... திடமா இருக்கு" என்றார். சாரமெல்லாம் அதிலேயே போய்விட்டதால் அடுத்து ஊற்றியது வெறும் வெந்நீராக வந்தது. எங்கள் ஊரில் விருந்தாளிக்கு வெளுத்த தேநீர் கொடுத்தால் 'கிளம்பலாம்' என்று அர்த்தம். அத்தை கிண்ணத்தைப் பார்த்தார், எழுந்துவிட்டார்.

"ஐயோ, உக்காருங்க! வேற இலை போடறேன்" என்றார் அப்பா.

"எதுக்குங்க? வாயால சொல்லியிருந்தா எட்டு மாடி ஏறியிருக்க மாட்டேனே."

நான் அகராதியைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுவரை ஓடினேன். "அத்தை, தப்பு எங்களோடது இல்ல, இதோ பாருங்க!"

"முதல்ல கசப்பு, அப்புறம் வெறும் வெந்நீர். இதுக்கு அர்த்தம் பாக்க எனக்குப் புஸ்தகம் வேணாம்மா."

அம்மா என்னோடு பேசுவதில்லை. அப்பா கெண்டியோடு பேசிக்கொண்டிருக்கிறார். உள்ளே ஊற்றுவதைச் சொன்னவர்கள் வெளியே ஊற்றுவதையும் சொல்லியிருக்க வேண்டாமா? என் அக்காவின் வாழ்க்கையை நினைத்து, அடுத்த பதிப்பிலாவது 'முழுவதும்' என்பதை நீக்கும்படி வேண்டுகிறேன்.

உங்கள் பேனாவும் தேநீரும் என்றும் வெளுக்காதிருக்கட்டும்.

பணிவுள்ள,
சாய் யிங்ஷுவான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் அக்கா இதைப் படித்துவிட்டாள். அந்தச் சொல்லில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறாள். அடுத்த மாதம் இன்னொரு வீட்டார் பெண் பேச வருகிறார்களாம். அன்றைக்கும் என்னையே டீ போடச் சொல்லியிருக்கிறாள்.