இரண்டு வண்டியிலும் ஒரே ஃபேன்

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, தொண்டைதான் யாருக்கும் சரியில்லை.

நேற்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்: "அப்பா, அந்தக் குரலும் என்னுடையதுதான்." நாலே வார்த்தை. சொல்லியிருந்தால், கூடத்தின் நடுவே சுவர் எழுப்ப மேஸ்திரி வந்து அளந்துவிட்டுப் போயிருக்க மாட்டார்.

சட்டமன்றத் தேர்தல் வருகிறதல்லவா. அப்பா குடைக் கட்சி, சித்தப்பா பூட்டுக் கட்சி என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றால், இரு தரப்புத் துண்டறிக்கைகளையும் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: குடைக் கட்சி வாய்க்காலுக்கு மேலே பாலம் கட்டித் தரும். பூட்டுக் கட்சியும் அதே பாலத்தைக் கட்டித் தரும், கூடவே இத்தனை நாள் கட்டவிடாமல் தடுத்தது யார் என்று விசாரிக்கும். குடைக்காரர்கள் மேடையில் அழுவார்கள், பூட்டுக்காரர்கள் கத்துவார்கள். குடையின் வேட்பாளர் போன தேர்தலில் பூட்டில் நின்றவர். பூட்டின் வேட்பாளர் எதில் நின்றவர் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். இதற்காகத்தான், ஒரே கடையில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் அண்ணனும் தம்பியும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. "அந்த ஒயரை இப்படித் தரச் சொல்லு" என்று கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவருக்கு என் வழியாகச் செய்தி போகிறது.

ஒருநாள் அப்பா மைக்கும் ரெக்கார்டருமாக மாடியில் என் அறைக்கு வந்து, "பிரசார வண்டிக்கு நாலு வரி படிச்சுக் குடும்மா, உங்க சித்தப்பன் காதுல விழவேண்டாம்" என்றார். படித்தேன். மறுநாள் சித்தப்பா வந்து, "நமக்கும் நாலு வரி, அண்ணனுக்குத் தெரியாம. என் தங்கம்ல" என்றார். கையில் ஒரு நாவல் பாதியில் இருந்தது, சீக்கிரம் விட்டால் போதுமென்று அதையும் படித்தேன். தெருவில் யாரிடமும் நின்று பேசாத நான் இப்போது இரண்டு வண்டிகளில் ஊரெல்லாம் கத்திக்கொண்டு திரிகிறேன். பால் வாங்கப் போனால், "பொய்யர்களை நம்பாதீர்கள்!" என்று என்னை நானே எச்சரிக்கிறேன்.

நேற்று எங்கள் சந்து முனையில் இரண்டு வண்டியும் மூக்கோடு மூக்காக நின்றுவிட்டன. பின்னால் எடுக்க எந்த ஓட்டுநருக்கும் மனம் வரவில்லை. இந்தப் பக்கம் நான் கேள்வி கேட்க, அந்தப் பக்கம் நானே பதில் சொன்னேன். திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா என் காதருகே குனிந்து, "உன் குரல் தேன். அவனுங்க புடிச்சது தகரம்" என்றார். சித்தப்பா தூணுக்குப் பின்னாலிருந்து எனக்கு மட்டும் தெரியும்படி கட்டைவிரலை உயர்த்தினார். அப்போது அப்பா திடீரென்று நிமிர்ந்தார்.

"டேய், உன் வண்டியில ஒரு கிறீச் கேக்குது பாரு. அது நம்ம மாடி ஃபேன்டா! வெளியாளைக் கூட்டிட்டு வந்து என் பொண்ணு ரூம்ல பேச வெச்சியா?"

"உன் வண்டியில மட்டும் குயிலா கூவுது? அதே ஃபேன்தான்! நீ யாரைக் கூட்டிட்டு வந்த?"

ஆயுள் முழுக்க ஒலிபெருக்கியோடு வாழ்ந்தவர்கள், ஃபேனை அடையாளம் கண்டுகொண்டார்கள், என் குரலை அடையாளம் காணவில்லை. அதைவிடக் கொடுமை, இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டதுதான். தனக்கு ரகசியமாகப் படித்துக் கொடுத்தவளைக் காட்டிக்கொடுக்கக் கூடாதாம்! காட்டிக்கொடுக்க முடியாத கோபமெல்லாம் வீட்டின் மேல் திரும்பியது.

"அந்த ஃபேன்ல பாதி எனக்கு!" என்றார் சித்தப்பா.

"அப்ப வீட்டுலயும் பாதியை எடுத்துக்க. சுவர் எழுப்பிடலாம்."

"எழுப்பு, பாக்கலாம்."

மேஸ்திரி மாலையிலேயே வந்துவிட்டார். அத்தை, நீங்கள் சொன்னால் இருவரும் கேட்பார்கள். அடுத்த பேருந்தில் ஏறி வந்து, அந்த நாலு வார்த்தையை எனக்காகச் சொல்லுங்கள். எனக்கு மைக்கில்தான் குரல் வருகிறது, கூடத்தில் வருவதில்லை.

உங்கள் முழங்காலும் மாமாவின் பொறுமையும் நீடித்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டியவள், தேர்தல் முடியும்வரை அனுப்பலாமா என்று யோசித்தபடியே இருந்துவிட்டு, இப்போது உறையைப் பிரித்து எழுதுகிறேன். இனி வர வேண்டாம் அத்தை. யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காததால் குடையும் பூட்டும் சேர்ந்து ஆட்சி அமைத்துவிட்டன. நன்றி சொல்ல ஒரே வண்டி போதுமென்றார்கள். அப்பா ஒரு வாசல் வழியாகவும் சித்தப்பா இன்னொரு வாசல் வழியாகவும் வந்து கேட்க, ஃபேனை நிறுத்திவிட்டுப் படித்துக் கொடுத்தேன். சுவருக்கு நேற்று பூச்சு வேலை முடிந்தது.